மரங்கொத்தியும் ஒரு பட்ட மரத்தின் கணக்கும்

"எல்லா மரத்தையும் கொத்திப் பார்த்த மரங்கொத்தி கடைசியில வாழை மரத்துல மாட்டிக்கிச்சாம்" என்று ஒரு சொலவடை உண்டு. ரொம்ப ஆட்டம் போடுகிற ஆள் எங்காவது வசமாகச் சிக்கினால் எங்கள் பக்கம் இதைச் சொல்லித்தான் சிரிப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிஜ மரங்கொத்தியின் காதில் விழுந்தால் மானநஷ்ட வழக்கே போட்டுவிடும். வாழைத்தண்டில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. எந்த மரத்தில் தட்டினால் புழு கிடைக்கும், எந்த மரத்தில் குடைந்தால் வீடு நிற்கும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. நாம் செருப்பு வாங்கும்போது நாலு கடை ஏறி இறங்குவோமே, அதைவிட அதிகமாக அது மரம் பார்த்துத் தேர்ந்தெடுக்கும்.

நான் சொல்லப்போவது பொன்முதுகு மரங்கொத்தி பற்றி. பெயரைக் கேட்டதும் ஏதோ அபூர்வப் பறவை என்று நினைத்துவிட வேண்டாம். தென்னந்தோப்பு, மாந்தோப்பு, சாலையோரப் புளியமரம், கோயில் நந்தவனம், காலேஜ் வளாகம் என்று பெரிய மரம் இருக்கிற எல்லா இடத்திலும் இருக்கும். பாகிஸ்தானிலிருந்து பங்களாதேஷ் வரை இதன் ராஜ்ஜியம். அழியும் அபாயம் உள்ள பறவைகளின் பட்டியலிலும் இல்லை. சுருக்கமாகச் சொன்னால், நம்மைப் போல ஒரு சாதாரணப் பிரஜை.

ஆளைப் பார்த்தால்தான் சாதாரணமாகத் தெரியாது. சுமார் 26 முதல் 29 சென்டிமீட்டர் நீளம். முதுகும் இறக்கையும் மஞ்சள் குழைத்த பொன்னிறம். தலையில் சிவப்புக் கொண்டை. தொண்டை கறுப்பு, அதில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். வாலுக்கு மேலே இடுப்புப் பகுதியும் கறுப்பு. (மலைக்காடுகளில் இதே சாயலில் இருக்கும் உறவுக்காரர்களுக்கு அந்த இடம் சிவப்பாக இருக்கும். அடையாளம் காண அதுதான் வழி.) ஆணுக்கு நெற்றியிலிருந்தே சிவப்பு ஆரம்பிக்கும். பெண்ணுக்கு முன்னந்தலை கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளி, பின்னால்தான் சிவப்பு. பறக்கும்போது ஏறி இறங்கி அலைபோலப் போகும். கூடவே "கீகீகீகீ" என்று ஒரு கனைப்பு. யாரோ நம்மைப் பார்த்து நக்கலாகச் சிரிப்பது போலவே இருக்கும் :)

இதன் உடம்பே ஒரு தச்சுப் பட்டறை. நமக்குத் தெரிந்த காக்காய்க்கும் மைனாவுக்கும் மூன்று விரல் முன்னால், ஒன்று பின்னால். மரங்கொத்திக்கு இரண்டு முன்னால், இரண்டு பின்னால். செங்குத்தான மரத்தில் கவ்விப் பிடிக்க அதுதான் வசதி. வால் இறகுகள் விறைப்பானவை. மரத்தில் வாலை ஊன்றிக்கொண்டால் மூன்றாவது கால் மாதிரி, முக்காலி போட்டு உட்கார்ந்தாற்போல ஆகிவிடும். நாக்கு இன்னும் விசேஷம். நாக்கைத் தாங்கும் எலும்பும் தசையும் மண்டையோட்டின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு மேலே வரை போகின்றன. அதனால்தான் புழு குடைந்த பொந்துக்குள் நாக்கை நீளமாக நீட்டி உள்ளே இருப்பதை இழுக்க முடிகிறது. எறும்பு, கறையான், வண்டுப் புழு இவைதான் முக்கியச் சாப்பாடு. நடுவில் கொஞ்சம் பழமும் பூந்தேனும் உண்டு.

"இப்படி மண்டையால் முட்டிக்கொண்டே இருந்தால் தலை வலிக்காதா?" என்று எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வரும். இந்தக் கேள்விக்கு விடை தேடிய இரண்டு பேருக்கு 2006-ல் இக் நோபல் பரிசே கொடுத்தார்கள். (முதலில் சிரிக்க வைத்து, பிறகு யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்கான பரிசு அது.) மண்டையோட்டில் பஞ்சு மாதிரி ஒரு எலும்பு இருக்கிறது, அது அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது என்றுதான் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2022-ல் வெளியான ஓர் ஆய்வு அதை மறுத்துவிட்டது. அதிவேக கேமராவில் மூன்று வகை மரங்கொத்திகளைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மண்டையோடு அதிர்ச்சியை உறிஞ்சவே இல்லை, விறைப்பான சுத்தியல் மாதிரிதான் வேலை செய்கிறது. யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது. சுத்தியலுக்கும் ஆணிக்கும் நடுவில் ஸ்பாஞ்சு வைத்து அடித்தால் ஆணி இறங்குமா? மூளை தப்பிப்பதற்குக் காரணம் அது ரொம்பச் சின்னதாக இருப்பது. நம் தலை தாங்காத அடியை அந்தச் சின்ன மூளை தாங்கிவிடும். மூளை சின்னதாக இருந்தாலும் சௌகரியம்தான் போல!

சரி, மேட்டருக்கு வருகிறேன். மரங்கொத்தி புழு தின்கிறது, மரத்தைக் காப்பாற்றுகிறது என்பதோடு பள்ளிக்கூடப் பாடம் முடிந்துவிடும். ஆனால் தோப்புக்கும் காட்டுக்கும் அது செய்கிற பெரிய வேலை வேறு. அது வீடு கட்டித் தருகிறது.

ஒவ்வொரு இனப்பெருக்கக் காலத்துக்கும் பெரும்பாலான மரங்கொத்திகள் புதிதாக ஒரு பொந்தைக் குடையும். நம் பொன்முதுகுக்கு அந்தக் காலம் ஏறத்தாழ பிப்ரவரி முதல் ஜூலை வரை. பட்டுப்போன மரம், அல்லது பட்டுப்போன கிளை. வாசல் நேராக உள்ளே போகும், பிறகு கீழ்நோக்கி இறங்கி ஓர் அறையாகும். புல், பஞ்சு, நார் எதுவும் கொண்டுவராது. மரத்தூள் மேலேயே பளபளப்பான வெள்ளை முட்டை, பெரும்பாலும் மூன்று. அடைகாப்பது 11 நாள் அளவுக்குத்தான். குஞ்சு பொரித்துச் சுமார் 20 நாளில் வெளியே வந்துவிடும். அதோடு வீடு காலி. அடுத்த வருடம் வேறு பொந்து.

காலியான வீட்டுக்கு வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள். மைனா, பச்சைக்கிளி, புள்ளி ஆந்தை, குண்டுக்கரிச்சான், அணில். இவர்கள் எல்லோருக்கும் பொந்து வேண்டும், ஆனால் நல்ல கெட்டி மரத்தில் ஒரு பொந்தை ஆரம்பத்திலிருந்து குடைய இவர்களால் முடியாது. கிளியால் வாசலைக் கடித்துப் பெரிதாக்க முடியும், அவ்வளவுதான். ஒன்று, கிளை முறிந்து மரம் தானாக உளுத்து ஓட்டை விழும் வரை வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மரங்கொத்தியோ குக்குறுவானோ காலி செய்த பொந்தைப் பிடிக்க வேண்டும். சில சமயம் காலி செய்யும் வரைகூடப் பொறுக்க மாட்டார்கள். மைனாக் கூட்டம் வந்து கத்திக் கலாட்டா செய்து உரிமையாளரையே துரத்திவிடுவதும் உண்டு. (நம் ஊர் வாடகைத் தகராறெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.)

இதில் இன்னொரு கூட்டாளியும் இருக்கிறது, பூஞ்சை. மரத்தின் நடுக்கட்டையைப் பூஞ்சை மெத்தென்று ஆக்கினால்தான் மரங்கொத்திக்குக் குடைவது சுலபம். வட அமெரிக்காவில் பைன் மரத்தில் குடையும் ஒரு மரங்கொத்தி இனத்தை வைத்து 2016-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஆராய்ச்சியாளர்கள் உயிருள்ள பைன் மரங்களில் தாங்களே துளை போட்டார்கள். சிலவற்றைப் பறவை நுழையாதபடி வலை போட்டு மூடினார்கள், மற்றதைத் திறந்து விட்டார்கள். பறவைகள் வந்துபோன துளைகளில் பிறகு காணப்பட்ட பூஞ்சைகள், மரங்கொத்தி தானே குடைந்த பொந்துகளில் இருப்பவற்றை ஒத்திருந்தன. அதாவது பூஞ்சை மரங்கொத்திக்கு வழி செய்கிறது, மரங்கொத்தி பூஞ்சையை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகிறது. கூட்டு வியாபாரம் என்றால் இதுதான்.

இத்தனைக்கும் முதலீடு ஒன்றே ஒன்றுதான். ஒரு பட்ட மரம், நின்ற நிலையில். விழுந்து கிடந்தால் ஆகாது.

பி.காம். படிக்கிறவன் என்பதால் எனக்கு இந்த இடத்தில்தான் மூக்கு வேர்க்கிறது. எங்கள் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. ஓர் இயந்திரம் வாங்கினால் வருடா வருடம் அதன் மதிப்பில் கொஞ்சம் கழித்துக்கொண்டே வருவோம். ஆயுள் முடிந்ததும் மிஞ்சுவது எஞ்சிய மதிப்பு, அதாவது காயலான் கடைக்காரர் கொடுக்கிற விலை. மரத்துக்கும் நாம் இதே கணக்கைத்தான் போடுகிறோம். காய்க்கிற வரை சொத்து. பட்டுப்போன அன்றைக்கு அது விறகு. டன்னுக்கு எவ்வளவு என்பதோடு கணக்கு முடிந்தது. ஆனால் மரங்கொத்தியின் புத்தகத்தில் அந்த மரம் சொத்துப் பட்டியலில் ஏறுவதே அன்றைக்குத்தான்!

இது எனக்குப் புரிந்தது கிளாஸ் ரூமில் இல்லை, எங்கள் தோப்பில். ஊர் பேராவூரணி பக்கம். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது நான் எட்டாம் வகுப்பு. டெல்டாவில் லட்சக்கணக்கான தென்னைகள் போயின. எங்களுடையது 140 மரம், விடிந்து பார்த்தபோது குருத்தோடு நின்றவை 50-க்கும் கீழே. மற்றவை வேரோடு சாய்ந்திருந்தன, அல்லது தலை முறிந்து மொட்டையாக நின்றன. சாய்ந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தவே கையிலிருந்த காசு தீர்ந்துவிட்டது. மொட்டை மரங்கள் அப்படியே நின்றன.

2020 ஊரடங்கு. நாங்கள் பரீட்சை எழுதாமலேயே பாஸான பேட்ச். போக இடம் இல்லாமல் தோப்பிலேயே பழியாய்க் கிடந்தேன். வாய்க்கால் ஓரத்து மொட்டைத் தென்னையில் ஒரு ஜோடி பொந்து குடைந்தது. அடி மரத்தைச் சுற்றிச் சிராய்த்தூள் கொட்டிக் கிடக்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறி வேலை பார்க்கும். அப்பாயி திண்ணையிலிருந்து, "சம்பளம் இல்லாத கொத்தனாரு, நம்மூட்டு ஆம்பளைங்களவிட நல்லா வேல பாக்குது" என்பார்.

2021-ல் அப்பா மொட்டை மரங்கள் அத்தனையையும் அறுத்துவிட்டார். எனக்கு வருத்தம்தான், ஆனால் அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மட்கும் தென்னந்தண்டு காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடம். அந்த வண்டு நல்ல தென்னையின் குருத்தைத் துளைத்து நாசம் செய்யும். புதிதாக நட்ட கன்றுகளுக்கு நடுவே செத்த தென்னையை நிறுத்திவைப்பது திருடனைத் திண்ணையில் படுக்க வைப்பது மாதிரி. அதனால்தான் பட்ட தென்னையை அப்புறப்படுத்தச் சொல்லி வேளாண்துறைக்காரர்களும் சொல்கிறார்கள். பறவைப் பிரியர்கள் "எந்தப் பட்ட மரத்தையும் வெட்டாதே" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் தோப்பு வைத்திருக்கிறவன் காதில் ஏறாது. அவனுக்குக் கடன் இருக்கிறது.

ஆனால் எல்லாப் பட்ட மரமும் தென்னை இல்லையே! எங்கள் வேலியோரம் ஓர் ஒதிய மரம். "ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது" என்று பழமொழியிலேயே மானத்தை வாங்கிவிட்ட மரம். உத்தரத்துக்கும் ஆகாது, அடுப்புக்கும் லாயக்கில்லை. கஜாவில் உச்சி முறிந்து, பாதி பட்டு, பாதி துளிர்த்து நின்றது. தென்னையை இழந்த ஜோடி (அதே ஜோடியா என்று கேட்காதீர்கள், ஆதார் கார்டு பார்க்கவில்லை) 2022-ல் அதில் பட்ட பக்கமாகக் குடைந்தது. 2023-ல் அந்தப் பொந்தை மைனா பிடித்தது, மரங்கொத்தி நாலடி கீழே இன்னொன்று குடைந்தது. 2024-ல் கீழ்ப் பொந்துக்குப் பச்சைக்கிளி வந்து வாசலைக் கடித்துக் கடித்து அகலமாக்கியது. 2025-ல் அந்த அகன்ற வாசலில் இரண்டு மஞ்சள் கண்கள் தெரிந்தன. புள்ளி ஆந்தை. அப்பாயிக்கு மட்டும் பிடிக்கவில்லை. ஆந்தை அலறினால் ஆகாதாம். "அது எலி பிடிக்கும் அப்பாயி, வெட்டுக்கிளி பிடிக்கும்" என்றால், "அதுக்கு நம்மூட்டு வேலிதான் கெடச்சுச்சா" என்றார்.

போன வருடம் செங்கல் சூளைக்கு மரம் எடுக்கிறவர் வந்தார். ஒதிய மரத்துக்கு 500 ரூபாய் தருகிறேன் என்றார், அதுவும் பெரிய மனசு பண்ணி. அன்றைக்கு ராத்திரி ஒரு பேப்பரில் கணக்குப் போட்டு அப்பாவிடம் காட்டினேன். இடது பக்கம் ரூ.500. வலது பக்கம் நாலு வருடத்தில் அந்த மரத்தில் குடியிருந்தவர்கள்: இரண்டு தடவை மரங்கொத்தி, ஒரு மைனாக் குடும்பம், ஒரு கிளிக் குடும்பம், ஓர் ஆந்தைக் குடும்பம். ஆந்தை பிடிக்கிற எலிக்கும், மைனா பொறுக்குகிற பூச்சிக்கும் ரூபாயில் எவ்வளவு போடுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் தொகைக் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. அப்பா பேப்பரைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, டேலி ஆகாத கணக்கக் கொண்டாந்து காட்டுற" என்றார். பிறகு, "கம்பி வேலி அந்த மரத்துலதான் அடிச்சிருக்கு. இருந்துட்டுப் போகட்டும்" என்று முடித்துவிட்டார். எந்தக் காரணத்துக்காக இருந்தால் என்ன, மரம் இருக்கிறது.

காட்டில் இந்தக் கணக்கு சட்டமாகவே இருக்கிறது. நீலகிரி மாவட்டம் கூடலூர் காடுகளுக்காக 1995-ல் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கு, பிறகு நாடு முழுமைக்குமான வன வழக்காக மாறியது. அதில் 2000 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. தேசியப் பூங்காக்களிலிருந்தும் சரணாலயங்களிலிருந்தும் பட்ட மரம், நோயுற்ற மரம், காற்றில் விழுந்த மரம், புல் எதையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று. (காதலர் தினத்தில் பட்ட மரத்துக்கு வந்த காதல் கடிதம்!) கஜா புரட்டிப்போட்ட கோடியக்கரை சரணாலயத்துக்கும் அதே விதிதான். செத்த மரமும் காட்டின் அங்கம் என்பது அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட விஷயம்.

பிரச்சினை காட்டுக்கு வெளியேதான். பொன்முதுகு மரங்கொத்தி பெருமளவில் வாழ்வது சரணாலயத்தில் இல்லை, நம் தோப்பிலும் சாலையோரத்திலும்தான். இங்கே பட்ட மரத்துக்கு வக்கீல் கிடையாது. சாலை அகலமாக்கும்போது போகிற பழைய புளியமரங்களோடு எத்தனை பொந்துகள் போகின்றன என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதுவதில்லை. பத்து மரம் நட்டுக் கொடுத்துவிடுகிறோம் என்பார்கள். நடட்டும், நல்லதுதான். ஆனால் இன்றைக்கு நடுகிற கன்றில் ஒரு பொந்து வருவதற்கு எத்தனை வருடம் ஆகும்? மரங்கொத்தி இன்னும் சாதாரணப் பறவையாக இருக்கிறது என்பதால் நாம் கவலைப்படுவதில்லை. அது எப்படியாவது சமாளித்துக்கொள்ளும், தானே குடையத் தெரிந்த ஆள். அது விட்டுப்போகிற பொந்தை நம்பியிருப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

தோப்போ வயலோ வைத்திருக்கிற நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ரொம்பச் சின்னது. தென்னையை விட்டுவிடுங்கள். வீட்டு மேலேயோ மின்கம்பி மேலேயோ மாட்டு மேலேயோ விழாத இடத்தில் ஒரு பட்ட மரம், அது மாவோ வாகையோ ஒதியோ, இருந்தால் நிற்கட்டும். பயமாக இருந்தால் கிளைகளைக் கழித்துவிட்டு அடிமரத்தை மட்டும் பத்துப் பதினைந்து அடிக்கு விடுங்கள், அதுவே போதும். வெட்டியே ஆக வேண்டும் என்றால் மாசி முதல் ஆனி வரை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள், உள்ளே குஞ்சு இருக்கக்கூடும்.

எங்கள் ஒதிய மரமும் நிரந்தரம் இல்லை. பட்ட பக்கம் நன்றாகவே உளுத்துவிட்டது, இன்னும் இரண்டு மழைக்குத் தாங்கினால் அதிகம். அதற்குள் அடுத்தது தயாராக வேண்டும் இல்லையா? ஒதியில் ஒரு வசதி, கிளையை வெட்டி ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். போன ஐப்பசி மழையில் வேலியோரம் நாலு போத்து ஊன்றினேன். "உத்தரத்துக்கு ஆகாததுக்கு இம்புட்டு மெனக்கெடா?" என்று அப்பாயி கேட்டார். நாலில் மூன்று துளிர்த்திருக்கிறது.